அந்தக் காகிதத்தின் மிச்ச வரிகள்

என் பேத்தியின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் 19 அன்று எங்கள் தெருக் கூட்டத்தில் அவள்தான் அதை வாசிக்க வேண்டுமாம். 12 வயதுப் பிள்ளை. மைக்குக்கு முன்னால் நிற்கப்போகிற பூரிப்பில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம். டெக்சாஸ் மக்களுக்கு இதனால் தெரிவிப்பது என்னவென்றால், அடிமைகள் எல்லோரும் விடுதலை. அவ்வளவுதான். அதற்குக் கீழே முக்கால் தாள் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெள்ளை இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

மிச்சம் எங்கே?

அந்த ஆணை அந்த இடத்தில் முடியவில்லை. 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வெளியிட்ட பொது ஆணை எண் 3, நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. முதல் வரியில் விடுதலை என்கிறது. அடுத்து, எசமானாக இருந்தவனுக்கும் அடிமையாக இருந்தவனுக்கும் உரிமையிலும் சொத்திலும் முழுச் சமத்துவம் என்கிறது. எவ்வளவு பெரிய சொல்! அதைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் குரல் மாறிவிடுகிறது. விடுதலை பெற்றவர்கள் இப்போது இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்கிறது. படை முகாம்களில் வந்து கூட விடமாட்டோம் என்கிறது. அங்கேயோ வேறெங்கேயோ நீங்கள் சோம்பி உட்கார்ந்திருந்தால் யாரும் சோறு போடமாட்டோம் என்கிறது.

சோம்பல்! யாரைப் பார்த்து என்ன சொல்கிறீர்கள்? 1619இல் வர்ஜீனியாக் கரையில் எங்கள் முன்னோரைக் கப்பலிலிருந்து இறக்கி விற்றீர்கள். அதிலிருந்து எண்ணினால் 246 ஆண்டு. உங்கள் பருத்தியை எடுத்தவர்கள், கரும்பை வெட்டியவர்கள், உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுத்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை ஏலத்தில் இழந்தவர்கள். ஒரு நாள் கூலி கிடையாது. அவர்களுக்கு விடுதலைச் செய்தி சொல்ல வந்த அன்றே, உட்கார்ந்து தின்னாதே என்று எச்சரிக்கை. சவுக்கோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படி ஒரு வரியும் யாரும் எழுதவில்லை.

விடுதலைச் செய்தி எங்களுக்குத் தாமதமாக வந்தது என்றுதான் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். லிங்கன் அறிவித்தது 1863 ஜனவரி 1. டெக்சாசுக்கு அது வந்து சேர இரண்டரை ஆண்டு ஆயிற்றாம். குதிரை நொண்டிவிட்டது போல, தபால்காரன் வழியில் தூங்கிவிட்டது போல ஒரு கதை. எசமான்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் லூசியானாவிலிருந்தும் மிசிசிப்பியிலிருந்தும் எங்களை மந்தையாக டெக்சாசுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வடக்குப் படை வந்தால் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். போர் முடியும்போது இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் சுமார் 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஜூன் 19க்குப் பிறகும் வாய் திறக்காமல் இன்னொரு அறுவடையை எடுத்துக்கொண்ட பண்ணைக்காரர்கள் உண்டு. சபைன் ஆற்றைத் தாண்டி ஓடப் பார்த்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள் என்று, அடிமையாக இருந்து உயிர் தப்பியவர்களே 1930களில் தங்கள் முதுமையில் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் தாமதமா? பிடித்து வைத்திருந்த கூலி அது.

என் பாட்டி வருஷம் முழுக்கக் காப்பியில் சர்க்கரை போடமாட்டாள். கசப்பாகவே குடிப்பாள். சிறுமியாக இருந்த எனக்கு அது ஒரு விநோதம். வருஷத்தில் ஒரு நாள், ஜூன் 19 அன்று மட்டும், ஐஸ் வாளியில் கைவிட்டு ஒரு சிவப்பு சோடாப் பாட்டிலை எடுத்து, மூடியை மேசை விளிம்பில் வைத்துத் தட்டித் திறந்து, ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு வைப்பாள். சிவப்பு சோடா, சிவப்பு கேக், தர்ப்பூசணி, சுட்ட இறைச்சி. அன்றைக்குச் சிவப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். எதற்கு என்று கேட்டால், சிந்தின இரத்தத்துக்கு என்பாள். சர்க்கரை ஏன் வேண்டாம் என்று கேட்டபோது மட்டும் பதில் சொல்லாமல் பின்கதவுப் பக்கம் போய்விட்டாள். எனக்கு எட்டு வயது, அவளுக்கு எழுபதை ஒட்டிய வயது. பிறகு என் அம்மாதான் சொன்னாள்.

பாட்டியின் அப்பாவைப் பன்றி திருடினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். யாருடைய பன்றி, எங்கே திருடினார், கண்டவர் யார், எதுவும் வீட்டுக்குத் தெரியாது. ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போன மனிதர். இரண்டு ஆண்டு தண்டனை என்றார்கள். கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு போய், மூன்றாவது ஆண்டும் போயிற்று. அவர் வரவில்லை. செத்தார் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. பாட்டிக்கு அப்போது ஏழு வயது.

1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் இருக்கிறதே, 13ஆம் திருத்தம், அதற்குள்ளேயே ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் அடிமை வேலை வாங்கலாம். வேறென்ன வேண்டும்? குற்றத்தை உண்டாக்கிக்கொண்டால் போயிற்று. 1866இல் டெக்சாஸ் சட்டசபை கூடி, வேலையில்லாமல் திரிந்தால் குற்றம், ஒப்பந்தத்தை விட்டுப் போனால் குற்றம் என்று சட்டம் செய்தது. அரசு நிலத்தைக் குடியேறுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று எழுதிவைத்தது. நிலம் இல்லாதவன் திரியத்தான் செய்வான். திரிந்தால் பிடி. பிடித்தவனைத் தோட்டக்காரனுக்கு வாடகைக்கு விடு. அடிமையாவது எசமான் காசு கொடுத்து வாங்கிய சொத்து, செத்தால் நஷ்டம். வாடகைக்கு எடுத்த கைதி செத்தால் இன்னொருவன் வருவான்.

2018இல் ஹூஸ்டனுக்கு அருகே சுகர் லேண்டில் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டினார்கள். எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட, அப்படி வாடகைக்கு விட்ட கைதிகள் 95 பேர். 94 ஆண்கள், ஒரு பெண். வயது 14இலிருந்து 70 வரை. பாரம் சுமந்து சுமந்து எலும்பே உருமாறிப் போயிருந்ததாக ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அங்கே எங்கள் ஆட்கள் புதைந்து கிடக்கிறார்கள், தோண்டாதீர்கள், தேடுங்கள் என்று ரெஜினால்ட் மூர் என்ற மனிதர் அதற்கு முன்பு பல வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தார். முன்னாள் சிறைக் காவலர் அவர். ஒருவரும் காது கொடுக்கவில்லை. எலும்பு கையில் வந்த பிறகுதான் கேட்டார்கள். 2020இல் அவரும் போய்விட்டார்.

நான் போனேன். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மண் செம்பழுப்பாக, அப்போதுதான் கிளறிய ஈரத்தோடு இருந்தது. அதில் பாட்டியின் அப்பா இருக்கிறாரா இல்லையா, எனக்குத் தெரியாது. வேறு தோட்டமாக இருக்கலாம், வேறு குழியாக இருக்கலாம். ஆனாலும் கைப்பையில் ஒரு சிவப்பு சோடா கொண்டுபோயிருந்தேன். வேலி இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஊற்றினேன். காவலுக்கு நின்ற பையன் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பிள்ளைக்குப் புண்ணியம். அந்த ஊரின் பெயரைக் கவனியுங்கள். சர்க்கரை பூமி. அந்தப் பெயரில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை.

இன்றைக்கும் டெக்சாஸ் சிறைகளில் வேலை செய்கிற கைதிகளில் பெரும்பாலோருக்கு ஒரு காசு கூலி கிடையாது. திறந்து வைத்த அந்த வாசலை யாரும் மூடவில்லை.

'அமைதியாக இரு.' அந்த ஆணையில் என்னை அதிகம் அறுப்பது இந்தச் சொல்தான். ஏனென்றால் அது 1865இல் முடியவில்லை. என் காதிலேயே விழுந்திருக்கிறது.

இந்தப் பேத்தி பிறந்த மறுநாள் இரவு. என் மகளுக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி இல்லை. கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது என்றாள், வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். மணி அடித்தேன். வந்த பெண், பிரசவம் ஆனவர்களுக்கு இது சகஜம், தூங்கினால் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தேன். அம்மா, நீங்கள் கொஞ்சம் அமைதியாக இருங்கள், மற்ற நோயாளிகள் தூங்குகிறார்கள் என்றாள். மகளின் முகம் உப்பிப் போயிருந்தது, கை நடுங்கிற்று. முப்பது வருஷம் பள்ளிச் சமையல்கூடத்தில் தலைகுனிந்து பரிமாறிய நான், அன்றைக்கு அந்த நடைகூடத்தில் நின்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. முதலில் வந்தது யார் தெரியுமா? டாக்டர் இல்லை. காவலாளி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெளியே போகிறீர்களா என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு இளம் டாக்டர், சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவர், உள்ளே போய் இரத்த அழுத்தத்தை அளந்தார். அதன்பிறகு அந்த அறையில் எல்லோரும் ஓடினார்கள்.

மகள் பிழைத்தாள். நான் கத்தியதால் பிழைத்தாள். கத்த யாரும் பக்கத்தில் இல்லாத பெண்கள் என்ன ஆனார்கள்? இந்த நாட்டில் பிரசவத்தை ஒட்டிச் சாகும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளைக்காரப் பெண்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல். படித்தவள், பணம் உள்ளவள் என்றாலும் அந்த வித்தியாசம் போவதில்லை. வலிக்கிறது என்று நாங்கள் சொன்னால் நம்புவதில்லை. எங்கள் உடம்புக்கு வலி குறைவு என்று அடிமைக் காலத்து மருத்துவர்கள் எழுதிவைத்த பொய் இன்னும் எந்தெந்தத் தலைக்குள் குந்தியிருக்கிறதோ.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனின் தேர்ட் வார்டு. நடக்கிற தூரத்தில் எமான்சிபேஷன் பூங்கா. விடுதலை நாளைக் கொண்டாட எங்களுக்கு நகரம் இடம் தரவில்லை என்பதால், அடிமைகளாக இருந்தவர்களே காசு சேர்த்து 1872இல் வாங்கிய 10 ஏக்கர். துணி வெளுத்தவர்களும் செங்கல் சுட்டவர்களும் வாங்கிய பூமி. முன்னின்றவர்களில் ஒருவர் ஜாக் யேட்ஸ், போதகர். அவர் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வர்ஜீனியாவில் அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் மனைவியையும் பிள்ளைகளையும் அவர்களுடைய எசமான் டெக்சாசுக்கு இழுத்துப் போனான். தன் விடுதலையை உதறிவிட்டுக் குடும்பத்தோடு அடிமையாகவே வருகிறேன் என்று கெஞ்சி, கூட வந்தவர் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் வாங்கின மண்.

அந்தப் பூங்காவை ஒட்டிப் போகிற பெரிய தெருவுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் தெரியுமா? டவுலிங் தெரு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்படையின் டிக் டவுலிங். விடுதலைப் பூங்காவுக்கு அந்தத் தெருவில் நடந்துதான் என் பாட்டி போனாள், என் அம்மா போனாள், தபாலில் அந்தப் பெயரைத்தான் எழுதினோம். பெயரை மாற்ற 2017 ஆயிற்று.

ஜாக் யேட்ஸ் பெயரில் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதில் உயரமாக, கால்பந்தாட்டத்தில் கெட்டியாக ஒரு பையன் படித்தான். பெயர் ஜார்ஜ் ஃபிளாய்ட். ஆம், அவர்தான். எங்கள் வார்டுப் பிள்ளை. 2020 மே 25, மினியாபோலிஸ். ஒன்பது நிமிடம் 29 விநாடி கழுத்தின்மேல் போலீஸ்காரனின் முழங்கால். இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன தாயைக் கூப்பிட்டார். இங்கே கொண்டுவந்து, பேர்லாண்டில் அவள் பக்கத்திலேயே புதைத்தோம். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததில்லை. அம்மா என்கிற இடத்தோடு என்னால் முடியவில்லை.

உலகமே தெருவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக எங்களுக்கு என்ன தந்தார்கள்? விடுமுறை. ஜூன்டீன்த் என்று நாங்கள் சொல்லும் இந்த ஜூன் 19ஐத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் 2021 ஜூனில் செனட்டில் ஓர் எதிர்ப்புக்குரல்கூட இல்லாமல் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 415க்கு 14. ஜூன் 17 அன்று ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அதே ஃபிளாய்ட் பெயரில் போலீஸைத் திருத்தக் கொண்டுவந்த சட்டம்? பிரதிநிதிகள் சபையோடு சரி, செனட்டில் முடங்கிப்போனது. வாக்குரிமையைக் காக்கும் சட்டம்? அதுவும் அங்கேயே முடங்கிற்று. அதே ஜூன் மாதம், இங்கே டெக்சாஸில், இனவெறியைப் பற்றி வகுப்பில் எதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியர்களுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். கொண்டாடு, ஆனால் ஏன் கொண்டாடுகிறாய் என்று பிள்ளைக்குச் சொல்லாதே. மறு ஆண்டு ஒரு பெரிய கடைக்காரர் ஜூன்டீன்த் ஐஸ்கிரீம் போட்டார். திட்டு வாங்கி எடுத்துவிட்டார். நன்றாக வேண்டும்.

எங்கள் ஜூன் மாதத்தையே பாருங்கள். 1921 ஜூன் 1 விடிந்தபோது, டல்சா நகரில் எங்கள் ஆட்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி வெள்ளைக்காரக் கும்பல் வைத்த தீயில் சாம்பல். எங்கள் கடை, எங்கள் பள்ளி, எங்கள் மருத்துவமனை, 35 தெருக்கட்டு. அன்று தப்பிய குழந்தைகள் நூறு வயது தாண்டி, சக்கர நாற்காலியில் வந்து நியாயம் கேட்டார்கள். 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 1939 ஜூன் 19, சரியாக அதே நாள், ஃபோர்ட் வொர்த்தில் ஒரு வெள்ளைக்காரக் கும்பல் புதிதாகக் குடிபோன ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நாசம் செய்து எரித்தது. அந்த வீட்டுப் பெண் ஓபல் லீக்கு அப்போது 12 வயது. என் பேத்தியின் வயது. அந்த அம்மாள்தான் 89 வயதில், 2016இல், இந்த நாளைத் தேசிய நாளாக்குங்கள் என்று வாஷிங்டனை நோக்கி நடந்தார். ஊர் ஊராக இரண்டரை மைல், இழுத்தடித்த அந்த இரண்டரை ஆண்டுக்காக. 2024இல் அவர் வீடு எரிந்த அதே மனையில் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். 97 வயதில் திரும்பக் குடிபோனார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் மகிழ்ந்து அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். 85 வருஷம்! அவருடைய அப்பா அம்மா அந்த வாசலைத் திரும்ப மிதிக்கவே இல்லையே.

இழப்பீடு என்று நாங்கள் வாய் திறந்தால் போதும், நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, யார் கணக்குப் பார்ப்பது, நடந்தது எப்போதோ என்கிறார்கள். கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களா நீங்கள்? 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரத்தில் அடிமைகளை விடுவித்தபோது, தலைக்கு 300 டாலர் வரை அரசாங்கம் எண்ணிக் கொடுத்ததே. யாருக்கு? எசமானுக்கு! ஒவ்வொரு ஆளின் பெயர், வயது, உயரம், எதற்குப் பயன்படுவார் என்று பட்டியல் எழுதி, மதிப்புப் போட்டு, பைசா பாக்கியில்லாமல். அடிமையாய் இருந்தவர் நாட்டை விட்டே போனால் 100 டாலர் வரை தருவதாக அதே சட்டம் சொன்னது. இருந்தால் ஒன்றுமில்லை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் கடலோர நிலத்தை 40 ஏக்கர் வீதம் எங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். விதைத்து முளை வந்திருந்த நிலத்தை, அந்த வருஷம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பிடுங்கிப் பழைய முதலாளிகளுக்கே கொடுத்தார். 2022 கணக்குப்படி ஒரு நடுத்தர வெள்ளைக்காரக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினது சுமார் 45,000. இந்த வித்தியாசம் சோம்பலால் வந்ததா? அந்தச் சொல்லை இன்னொரு முறை என் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள்.

நேற்று ராத்திரி மேசையில் உட்கார்ந்து, பேத்திக்குக் கொடுத்த தாளின் அந்த வெற்றிடத்தில் மிச்ச வரிகளைப் பென்சிலால் எழுதினேன். சமத்துவம் என்ற வரியையும் எழுதினேன். எங்களுக்குக் கடன்பட்டிருக்கிற வரி அது. அமைதியாக இருங்கள் என்பதையும் எழுதினேன். சோம்பல் என்பதையும் விடவில்லை. கை நடுங்கியதில் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

குழந்தை படித்துப் பழகினாள். கடைசி வரியில் நின்றாள்.

"அம்மாச்சி, இதையும் வாசிக்கணுமா? எல்லாரும் சந்தோஷமா கேக் சாப்பிட வந்திருப்பாங்களே."

"கேக் சாப்பிடட்டும் கண்ணு. கேட்டுட்டுச் சாப்பிடட்டும்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அமைதியாக என்ற இடத்துக்கு வந்ததும் குரல் தானாகத் தணிந்தது. என் மகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"இன்னும் சத்தமா" என்றேன்.